32 பக்கம் இல்லாமலே ஓடுன நாவல்: டாவின்சி கோட் பத்தி கோத்தகிரியில நாங்க போட்ட சண்டை

டான் பிரவுன் எழுதுன டாவின்சி கோட் 2003ல வந்த புக்கு, உலகம் முழுக்க 8 கோடி காப்பிக்கு மேல வித்துருக்குன்னு சொல்றாங்க, நான் இப்பதான் படிச்சேன். நான் படிச்சேன்னு சொல்றத விட எங்க தெருவே படிச்சதுன்னு சொல்லணும், ஏன்னா ஒரே ஒரு காப்பி தான், அது கை மாறி கை மாறி போயி, படிச்ச ஆளு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லி, கடைசில ரெண்டு பேரு ஒரு வாரம் பேசிக்கவே இல்ல. அதனால என் கருத்த மட்டும் எழுதாம எல்லாருக்கும் என்ன பட்டுச்சோ அதயும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல அந்தக் காப்பி கதை. ஊட்டில ஒரு வேலையா போனப்ப ரோட்டோரம் பரப்பி வச்சிருந்த கடையில 120 ரூபா குடுத்து வாங்குனது. அட்டையில மோனலிசா கண்ணு ரெண்டும் கொஞ்சம் கலங்கி இருந்துச்சு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இது ஒரிஜினல் பிரிண்ட் இல்லன்னு. மழைக்காலம் வேற, எங்க வீட்ல எந்த புக்கு வச்சாலும் ரெண்டு மாசத்துல பூஞ்சை வாடை வந்துரும், இது வாங்குறப்பவே அந்த வாடையோட தான் வந்துச்சு.

நான் தேயிலை ஃபேக்டரில ஆபீஸ் வேலை பாக்குறேன். அங்க நைட் ஷிஃப்ட்ல ட்ரையர் பாக்குற தம்பி ஒருத்தன் இருக்கான், பக்கத்து ஹட்டிக்காரன் (ஹட்டின்னா படுகர் ஊரு), பயங்கரமா படிப்பான். என் பைல புக்கு எட்டிப் பாக்குறத பாத்துட்டு "அக்கா ரெண்டே நாள்ல தரேன்"னு வாங்கிட்டுப் போயிட்டான். மூணாவது நாள் காலைல கண்ணு செவந்து போயி வந்து குடுத்தான். "அக்கா செம்ம புக்குக்கா, வச்சிட்டு எந்திரிக்கவே முடியல, ட்ரையர் சூடு பாக்க எந்திரிச்சா கூட விரல பக்கத்துல வச்சிட்டே தான் போனேன்"னான். இத விட பெரிய சர்டிஃபிகேட் ஒரு த்ரில்லருக்கு என்ன வேணும்.

அடுத்தது எங்க வீட்டுக்காரர். அவர் கோயம்புத்தூர்ல வளந்தவர், சின்ன வயசுல இருந்து ராஜேஷ்குமார் தான், பஸ் ஸ்டாண்டு கடையில பாக்கெட் நாவல் தொங்குறத பாத்தா இன்னைக்கும் நின்னு புரட்டுவார். 60 பக்கம் படிச்சிட்டு மூடி வச்சிட்டார். "செத்தவன் தரையில கெடக்கான், அவனப் பாத்துட்டு இந்த வாத்தியார் படத்தப் பத்தியும் சிலையப் பத்தியுமே யோசிச்சிட்டு இருக்கார், விவேக்கா இருந்தா இந்நேரம் பாதி கேஸ முடிச்சிருப்பார்"னு சொன்னார், விவேக்ன்னா ராஜேஷ்குமார் கதைல வர்ற துப்பறியிறவர். ராஜேஷ்குமார் ஆயிரத்தைநூறு நாவலுக்கு மேல எழுதுன மனுஷன், ஒரு சாயங்காலத்துல முடிக்கிற மாதிரி எழுதுவார், அந்தக் கணக்குல பாத்தா இவ்ளோ தடிமனான புக்கு அவருக்குப் பொறுமை சோதிக்கிற விஷயம் தான். நான் அதுக்கு ஒத்துக்கல, ஆனா அவர் சொல்றதும் புரியுது.

அப்புறம் தான் நான். எனக்குப் பழக்கம் என்னன்னா, படிக்கிற இங்கிலீஷ் புக்க எல்லாம் ராத்திரி எங்க அத்தைக்கு தமிழ்ல கதையா சொல்லணும். அத்தைன்னா மாமியார். அவங்க தமிழ் புக்கு நெறைய படிப்பாங்க, இங்கிலீஷ் தெரியாது, ஆனா கதை கேக்குறதுன்னா சமையல் முடிஞ்சதும் முதல் ஆளா வந்து உக்காந்துருவாங்க. இந்த புக்கு கதை சொல்றதுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. 105 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது, சிலது ரெண்டு மூணு பக்கம் தான், ஒவ்வொண்ணும் முடியிற எடத்துல ஏதாவது ஒண்ண தொங்கவிட்டுட்டு வேற எடத்துக்குத் தாவிருவார். நம்ம வாரப் பத்திரிகை தொடர்கதைல "தொடரும்" போடுவாங்கள்ல, அதே வித்தை தான், என்ன, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

ஒரு எடம் சொல்றேன். பாரிஸ்ல லூவ்ர் மியூசியம், ராத்திரி. மியூசியத்தோட பெரிய அதிகாரி ஒருத்தர் சுடப்பட்டுச் செத்துக் கெடக்கார். சாகுறதுக்கு முன்னாடி தரையில எண்ணும் எழுத்துமா ஒரு குறிப்பு எழுதிட்டு, டாவின்சி வரைஞ்ச ஒரு படத்துல இருக்குற மனுஷன் மாதிரியே கையக் கால விரிச்சுப் படுத்துருக்கார். லாங்டன்னு ஒரு அமெரிக்க ப்ரொஃபசர போலீஸ் கூட்டிட்டு வருது. அப்ப சோஃபின்னு ஒரு பொண்ணு, போலீஸ்ல சங்கேத எழுத்து பிரிக்கிற வேலை, நேரா வந்து லாங்டன் கிட்ட "உங்களுக்கு எம்பஸில இருந்து மெசேஜ் வந்திருக்கு, இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க"ன்னு சீட்டு குடுக்குறா. அவர் போன் பண்றார், எம்பஸி இல்ல, அந்தப் பொண்ணோட வீட்டு ஆன்ஸரிங் மெஷின். என்னம்மா உங்க வீட்டு நம்பர குடுத்துட்டீங்களேன்னு கேக்க வாயத் தெறந்தா, அவ சைகைலயே தொடர்ந்து கேளுங்கன்னு சொல்றா. உள்ள அவ குரலே அவருக்கு மட்டும் சொல்லுது: முகத்துல எதுவும் காட்டாதீங்க, நீங்க ஆபத்துல இருக்கீங்க, நான் சொல்றபடி செய்ங்கன்னு. போலீஸ்காரர் பக்கத்துலயே நிக்கிறார்.

இத நான் சொல்றப்ப அத்தை டபுள் பீன்ஸ் உரிச்சிட்டு இருந்தாங்க, கை அப்டியே நின்னுருச்சு, உரிச்ச தோல் முறத்துல விழாம விரல்லயே இருக்கு. "அவ நல்லவளா கெட்டவளா, அத மட்டும் சொல்லிட்டுப் படு"ன்னாங்க. நான் சொல்லல. அடுத்த நாள் சாயங்காலம் ஆறரைக்கே அடுப்ப அணைச்சிட்டாங்க. சட்டைப் பையில போலீஸ் வச்ச ட்ராக்கிங் பட்டன சோப்புக்குள்ள அமுக்கி ஜன்னல் வழியா லாரி மேல எறிஞ்சிட்டு, போலீஸ அந்த லாரி பின்னாடி ஓட விடுற எடம் வந்தப்ப கையத் தட்டியே சிரிச்சாங்க.

எழுத்த மாத்திப் போட்டு வெளையாடுற எடம் தான் தமிழ்ல சொல்லக் கஷ்டமா இருந்துச்சு, விகடகவின்னு நாம சின்ன வயசுல வெளையாடுவோம்ல, அந்த மாதிரி இங்கிலீஷ்ல எழுத்த கலைச்சுப் போட்டா வேற பேரு வரும்னு சொல்லி சமாளிச்சேன். எண்ணு சீக்கிரம் புரிஞ்சிருச்சு. 1, 1, 2, 3, 5, 8, 13, 21, முன்னாடி இருக்குற ரெண்டையும் கூட்டுனா அடுத்தது, செத்தவர் அத கலைச்சு எழுதிருக்கார்னு சொன்னதும் அத்தை பீன்ஸ் கொட்டைய முறத்துல வரிசையா அடுக்கிப் பாத்தாங்க.

இப்டியே போயிட்டு இருந்த கதை பக்கம் 240ல நின்னு போச்சு. பேங்க்ல ஒரு பெட்டிய எடுக்குறாங்க, வெளில போலீஸ், எப்டித் தப்பிக்கப் போறாங்கன்னு பக்கத்தத் திருப்புறேன், மறுபடி 209. திரும்ப 240 வரைக்கும் அதே தான், அதுக்கப்புறம் நேரா 273. நடுவுல 32 பக்கம் கிடையாது, அதுக்குப் பதிலா முந்துன 32 பக்கத்தையே ரெண்டாவது தடவ தச்சு வச்சிருக்கானுங்க. 273ல அவங்க ஒரு பெரிய பங்களா வாசல்ல நிக்கிறாங்க. எப்டி வந்தாங்க, பேங்க்ல இருந்து எப்டி வெளில வந்தாங்க, ஒண்ணும் இல்ல. திரும்ப ஊட்டி போனப்ப அந்தக் கடைக்காரர் கிட்ட காமிச்சேன், "படிச்சு முடிச்சிட்டு மாத்தித் தரச் சொல்றீங்களா"ன்னு கேட்டுட்டு வேற ஆளு பக்கம் திரும்பிட்டார். 120 ரூபா போனது கூட பரவால்ல, கதை கேட்டுட்டு இருந்த மனுஷிக்கு நான் என்ன பதில் சொல்றது.

ஃபேக்டரி தம்பி கிட்ட கேட்டேன், ஏன்டா நீ படிச்சியே, 32 பக்கம் இல்லன்னு சொல்லவே இல்லயேன்னு. அவன் முழிச்சான். "அக்கா, படிச்சதே திரும்ப வந்துச்சு, பிரிண்ட் மிஸ்டேக்னு தள்ளிட்டேன், அப்புறம் அந்த பெரியவர் வீட்டுக்குப் போயிட்டாங்க, சரி தப்பிச்சிட்டாங்கன்னு படிச்சிட்டே போயிட்டேன்". அவனுக்கு எதுவும் கொறையா தெரியல! எனக்கு அது ரெண்டு நாள் மண்டைல ஓடிட்டே இருந்துச்சு. 32 பக்கம் எடுத்தாலும் விடிய விடிய ஒரு ஆள உக்கார வைக்குதுன்னா அந்த ஓட்டத்துக்கு எவ்ளோ பலம் இருக்கணும், அதே சமயம் 32 பக்கம் எடுத்தும் ஒண்ணும் கொறையலன்னா அந்தப் பக்கத்துல என்ன தான் இருந்துச்சு? ரெண்டுமே நிஜம்னு தான் எனக்குத் தோணுது.

இந்த எடத்துல தான் டீச்சர் உள்ள வராங்க. ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சர், எங்க தெருவுக்கே அவங்க தான் லைப்ரரி, ஊட்டில 1859ல ஆரம்பிச்ச நீலகிரி லைப்ரரிய பத்தி பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது, செவப்புக் கட்டடம், உசரமான ஜன்னல் வச்ச ரீடிங் ரூமுன்னு கண்ணு முன்னாடி கொண்டு வந்துருவாங்க. அவங்க கிட்ட ஒரிஜினல் காப்பி இருந்துச்சு. குடுக்குறப்பவே "இத படிக்கிறதுல தப்பில்ல, முதல் பக்கத்த மட்டும் நம்பாத"ன்னாங்க.

கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 'ஃபேக்ட்'னு தலைப்பு போட்டு ஒரு பக்கம் இருக்கு. 1099ல ஆரம்பிச்ச ப்ரையரி ஆஃப் சயன்ங்கிற ரகசிய சங்கம் நெஜமான அமைப்புன்னு அதுல எழுதிருக்கு. டீச்சர் சொன்னாங்க, அந்தப் பேர்ல சங்கம் இருந்தது உண்மை, ஆனா அது 1956ல பிரான்ஸ்ல ப்ளான்டார்டுன்னு ஒருத்தர் பதிவு பண்ணது, பழைய காலத்து சங்கம்னு காட்ட போலியா பேப்பர் தயார் பண்ணி தேசிய நூலகத்துலயே கொண்டு போயி வச்சிருந்தாங்கன்னு. அதே மாதிரி 325ல நைசியாங்கிற எடத்துல நடந்த கிறிஸ்தவ ஆயர்கள் கூட்டத்துல ஓட்டு போட்டு தான் இயேசுவ கடவுளாக்குனாங்கன்னு கதைல ஒரு பெரியவர் அடிச்சுச் சொல்றார், அதுவும் அப்டி இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி இருந்தே கிறிஸ்தவங்க அவர அப்டித்தான் கும்பிட்டாங்க, அங்க நடந்த விவாதமே வேறன்னாங்க. லூவ்ர் வாசல்ல இருக்குற கண்ணாடிப் பிரமிடுல 666 கண்ணாடின்னு புக்கு சொல்லுது, மியூசியம் கணக்குப்படி 673. இவ்ளோ ஏன், தலைப்பே அவங்களுக்கு உறுத்துச்சு. "வின்சிங்கிறது ஊர் பேரும்மா. லியனார்டோன்னு பேரு சொல்லாம, கோத்தகிரிக்காரர் ரகசியம்னு புக்குக்கு பேரு வைப்பாங்களா?"

டீச்சருக்கு இன்னொரு கோவம், அந்த பங்களா அத்தியாயங்க. ஊரு போலீஸ் மொத்தமும் தொரத்துது, இவங்க சோபால உக்காந்து அத்தியாயம் அத்தியாயமா சரித்திரப் பாடம் எடுக்குறாங்க, அதுவும் தப்புப் பாடம். எனக்கு என்னமோ அந்த எடம் தான் ரொம்பப் பிடிச்சுது, பயம் ஒரு பக்கம் ஓடிட்டே இருக்குறப்ப ஒரு படத்த முன்னாடி வச்சு "இங்க பாரு, அங்க பாரு"ன்னு காட்டுறது ஒரு தனி சுகம். டீச்சர் கிட்டயே இத சொன்னேன், "நீ பாடம் கேக்குற புள்ள, அதான்"னாங்க.

அந்தப் படம் கடைசி இராவுணவு. மிலான்ல ஒரு மடத்தோட சாப்பாட்டுக் கூடத்து சுவத்துல லியனார்டோ வரைஞ்சது. இயேசுவுக்குப் பக்கத்துல இருக்குறது சீடர் யோவான் இல்ல, இயேசு கூட இருந்த மகதலா மரியாங்கிற பொண்ணுன்னு நாவல் சொல்லுது. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், அவங்க ஹால்ல சாப்பாட்டு மேஜைக்கு மேல இதே படம் மாட்டிருக்கு, பொன் கலர் ஃப்ரேம், ஓரத்துல போன கிறிஸ்துமஸுக்கு ஒட்டுன ஸ்டார் இன்னும் இருக்கு. நானும் தம்பியும் அந்த அத்தியாயத்த படிச்ச சூட்டுல அவங்க வீட்டுக்குப் போயி நாற்காலி போட்டு ஏறி கிட்டக்க பாத்தோம். நெஜமாவே மீசை தாடி இல்லாத மென்மையான முகம். தம்பி "அக்கா பாருங்க, பொம்பள முகம் தான்"னு கத்திட்டான். அந்த அக்கா அடுப்படில இருந்து வந்து நின்னாங்க. கோவப்படல, முகம் மட்டும் சுருங்கிப் போச்சு. "அவர் யோவான்டா. சீடர்ல எல்லாருக்கும் சின்னவர். அதான் அப்டி வரைவாங்க. நான் பொறந்ததுல இருந்து பாக்குற படம்"னாங்க.

அப்புறம் அவங்க புக்க வாங்கிட்டுப் போயி முழுசா படிச்சாங்க, அதுக்காகவே எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. 2006ல படம் வந்தப்ப தமிழ்நாட்டுல அரசாங்கம் தடை போட்டுச்சு, சென்னை ஹைகோர்ட் அந்தத் தடைய ரத்து பண்ணுச்சு, அப்ப அவங்க தடை வேணும்ங்கிற பக்கம் நின்னவங்களாம். இப்ப படிச்சிட்டு சொன்னாங்க, "தடை எல்லாம் வேணாம். கதைன்னா கதைன்னு விட்டுருவேன். முதல் பக்கத்துல உண்மைன்னு போட்டுட்டு உள்ள எங்க சாமிய பத்தி இஷ்டத்துக்கு எழுதுனா, படிக்கிற புள்ளைங்க எது கதை எது நெஜம்னு எப்டிப் பிரிப்பாங்க?" தம்பி விடல, "அக்கா நாவல்னு அட்டையிலயே போட்டுருக்கு"ன்னான். அங்க தொடங்குன வாக்குவாதம் தான், ஒரு வாரம் ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசல. நான் அக்கா பக்கம். ஒரு கதாபாத்திரம் என்ன வேணா பேசலாம், அது எழுத்தாளரோட உரிமை, ஆனா அந்த முதல் பக்கத்துல பேசுறது கதாபாத்திரம் இல்ல, எழுதுன ஆளு.

எனக்குப் பட்ட இன்னொரு பெரிய குறை சைலஸ். தோல், முடி எல்லாம் வெளுத்து, கண்ணு செவப்பா இருக்குற துறவி, அவன் தான் கொலைகாரன். அல்பினிசம் இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் பார்வை கொறைவா இருக்கும், வெளிச்சம் கண்ணு கூசும். இவன் என்னடான்னா கொலை மேல கொலையா பண்ணிட்டு, காரும் ஓட்டிட்டுப் போறான். பாக்கப் பயமா இருக்கணும்னு ஒரு ஒடம்புக் கொற மேல பழியப் போடுறது எனக்குச் சரியாப் படல. லாங்டன் கிட்டயும் மிக்கி மவுஸ் வாட்ச், லிஃப்ட்டுன்னா பயம், அத விட்டா ஞாபகம் வச்சுக்க ஒண்ணும் இல்ல.

தம்பிக்கு பிடிச்ச ஒரு தகவல் சொல்லிடறேன். 1982ல வந்த வேற ஒரு புக்குல இருந்து கருத்த எடுத்துட்டாங்கன்னு அத எழுதுன மூணு பேர்ல ரெண்டு பேரு லண்டன்ல கேஸ் போட்டாங்க, 2006ல தோத்துட்டாங்க. அந்த ரெண்டு பேரு லீ, பெய்ஜென்ட். கதைல வர்ற பங்களாக்காரர் பேரு லீ டீபிங், பெய்ஜென்ட்ங்கிற பேர இங்கிலீஷ்ல எழுத்து மாத்திப் போட்டா டீபிங் வரும். தீர்ப்பு எழுதுன ஜட்ஜும் விடல, தீர்ப்புக்குள்ளயே சில எழுத்த மட்டும் சாய்வா போட்டு ஒரு சங்கேதம் ஒளிச்சு வச்சிருந்தார். தம்பி இத ஃபேக்டரில எல்லார்ட்டயும் சொல்லிட்டான்.

சண்டை முடிஞ்சு டீச்சர் வீட்டு திண்ணைல எல்லாரும் டீ குடிக்கிறப்ப, சரி உங்க உயிரு புக்கு எது, அத சொல்லுங்கன்னு கேட்டேன். அக்கா யோசிக்காம பொன்னியின் செல்வன்னாங்க, அவங்க அம்மா கல்கில வந்த தொடர கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருந்த அஞ்சு பாகமும் இன்னும் வீட்ல இருக்கு. வீட்டுக்காரர் பதில் தெரிஞ்சது தான். டீச்சர் சுஜாதா, அதுலயும் கொலையுதிர் காலம், "பேயா விஞ்ஞானமான்னு கணேஷும் வசந்தும் மோதிக்கிறத ரெண்டு பக்கமும் நியாயமா எழுதிருக்கார், எதையும் உண்மைன்னு முன்னாடியே சத்தியம் பண்ணல"ன்னாங்க. நான் கேட்டது மொத்தமும் அந்த ஒரு வரில இருந்துச்சு.

தம்பி சொன்னது தான் யாரும் எதிர்பாக்காதது. ராஜம் கிருஷ்ணனோட குறிஞ்சித்தேன். எங்க மலைல, படுகர் ஹட்டில நடக்குற கதை, ஜோகின்னு ஒரு பையன்ல ஆரம்பிச்சு, சாமையும் ராகியும் வெளைஞ்ச மண்ணு தேயிலையா மாறுற காலம் வரைக்கும் போகும். "அக்கா அது எங்க தாத்தா வீடு மாதிரியே இருக்கும். டாவின்சிய மூணு ராத்திரில முடிச்சேன், அத மூணு மாசம் படிச்சேன், பத்து பக்கம் படிச்சா மூடி வச்சிட்டு வெளிய போயி நின்னுருவேன்"னான். அவன் காப்பிய அத்தைக்குக் குடுத்தான். அதுல ஒரே ஒரு தாள் கிழிஞ்சு போயிருந்துச்சு, ரெண்டு பக்கம். அத்தை அந்த எடத்தோட நிறுத்திட்டாங்க. அந்த ரெண்டு பக்கம் வராம மேல படிக்க மாட்டேன்னுட்டாங்க. தாண்டிப் போனா கதை புரியும் அத்தைன்னு சொல்லிப் பாத்தேன், "கதை புரியும்டி, அந்தப் பொண்ணு என்ன நெனச்சான்னு எனக்கு எப்டித் தெரியும்"னாங்க. கடைசில டீச்சர் வேற காப்பி தேடிப் பிடிச்சு, அந்த ரெண்டு பக்கத்தையும் நோட்டுத் தாள்ல கையாலேயே எழுதி, சரியா மடிச்சு ஒட்டிக் குடுத்தாங்க. ஹிஸ்டரி டீச்சர் கையெழுத்து, அச்சு மாதிரி.

டாவின்சி கோட் படிக்கலாமான்னு கேட்டா கண்டிப்பா படிங்க, மேட்டுப்பாளையம் பஸ்ல மட்டும் வேணாம், நான் ஒரு தடவ கொண்டை ஊசி வளைவுல படிச்சுத் தல சுத்தி எறங்குற வரைக்கும் கஷ்டப்பட்டேன். நல்ல கடையில ஒரிஜினல் காப்பியா வாங்குங்க, பழசா வாங்குனா பக்க நம்பர் ஓடுதான்னு நின்னு புரட்டிப் பாத்துட்டு காசக் குடுங்க. அந்த ஃபேக்ட் பக்கத்தையும் கதைல ஒரு பாகமா எடுத்துக்கோங்க. படிச்சிட்டு கத்தோலிக்க நண்பர் வீட்டுக்குப் போனா சத்தம் போட்டுப் படத்தக் காட்டாதீங்க, அன்னைக்கு அந்த அக்கா முகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிது.

அந்த 32 பக்கத்த டீச்சர் காப்பில படிச்சு அத்தைக்குச் சொல்லிட்டேன். பேங்க் மேனேஜரே டிரைவர் வேஷம் போட்டு பணம் ஏத்துற வண்டில ரெண்டு பேரையும் உள்ள வச்சு ஓட்டிட்டு வந்துட்டு, நடு வழில துப்பாக்கிய நீட்டுறார். நல்ல எடம் தான். தம்பிக்கும் குடுத்தேன், நின்னுட்டே படிச்சு முடிச்சிட்டு "நல்லாருக்குக்கா"ன்னு திருப்பிக் குடுத்துட்டு எலைய வாட வைக்கிற விதரிங் செக்ஷனுக்குப் போயிட்டான்.